மெட்டியை வெட்டிய பிறகு

முதலில் வாய்தான் புண்ணானது. ஒரு வாய் ரசம் பட்டாலே கண்ணில் தண்ணீர் முட்டும். பிறகு முதுகிலும் மார்பிலும் கொப்புளங்கள். அம்மை என்று சொல்லி என்னை வேப்பிலையில் கிடத்தினார்கள். அம்மை இறங்க வேண்டிய நாளெல்லாம் தாண்டியும் இறங்கவில்லை. இலை ஒட்டிய இடத்தில் தோல் உரிந்து வந்தது.

கல்வராயன் மலையடிவாரத்தில், வடக்கனந்தலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. கணவர் என்னைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெம்பிகஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தோலைத் தாக்கும் நோய்) என்றார் டாக்டரம்மா. ஸ்டீராய்டு (உடம்பில் இயல்பாகவே ஊறும் ஒரு சுரப்பைப் போன்ற மருந்து) மாத்திரை எழுதினார்.

"இது உடம்புல உப்பப் புடிச்சு வெச்சுக்கும்மா. உப்பு தங்குனா தண்ணியும் தங்கும். மூஞ்சி, காலெல்லாம் வீங்கும். சாப்பாட்டுல உப்பக் கொறச்சுக்க. ஆனா வீங்குதேன்னு நீயா மாத்திரைய நிறுத்திடாத. உன் உடம்பு தானா சுரக்கறத விட்டிருக்கும். திடீர்னு நிறுத்தினா ஆளையே சாச்சிடும்."

வாய் ஆறியது. கொடுமையைப் பாருங்கள், உப்புப் பட்டு எரிந்த வாய் உப்பைக் கேட்க ஆரம்பித்தபோது உப்பு கூடாது என்றாகிவிட்டது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் போயின. உப்பில்லாத கூழைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். அப்படியும் முகம் உப்பியது. "இப்பதான் பூசினாப்ல இருக்க" என்று தெருவில் பாராட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. காலில் விரலை அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம் அது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. மறியலுக்குப் போன என் கணவரைப் பிடித்து ஜெயிலில் வைத்துவிட்டார்கள். மாத்திரை கைவசம் இருந்தது. டாக்டரம்மாவைப் பார்க்கத்தான் வழியில்லை. அந்த வாரம் கால் இன்னும் வீங்கி, மெட்டி சதைக்குள் இறங்கி, விரல் நீலம் பாய்ந்தது.

மெட்டியை வெட்டிவிடலாம் என்றேன். மாமியார் மாத்திரை டப்பாவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இத நிறுத்து, வீக்கம் தானா வடியும். எம்புள்ள ஜெயில்ல கெடக்குறான். இந்த நேரத்துல மெட்டியக் கழட்டுவியா நீ?"

"மெட்டியக் கழட்டுனா அவருக்கு ஒண்ணும் ஆவாது அத்த. மாத்திரைய நிறுத்துனா நான் இருக்க மாட்டேன். அவரு திரும்பி வந்து யாரு கால்ல மெட்டியப் பாப்பாரு?"

கையை நீட்டிக்கொண்டு நின்றேன். டப்பா கைக்கு வந்த பிறகுதான் கையை இறக்கினேன்.

பக்கத்துத் தெருவில் நகை வேலை செய்யும் பத்தரும் தயங்கினார்.

"பாவம் வந்து சேரும்மா."

"எனக்கே வரட்டும். வெட்டுங்க."

வெள்ளி அறுபட்டதும் விரலுக்குள் மறுபடி ரத்தம் ஓடி நீலம் மறைந்தது. அன்றைய மாத்திரையை அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கினேன்.

கணவர் தாடியோடு வந்து சேர்ந்தார். அத்தை வாசலிலேயே என் காலைக் காட்டினார். அவர் பார்த்தார்.

"போம்மா, நாங்க மரத்தையே வெட்டிக் கெடத்தினு இருந்தோம். இவ மெட்டிய வெட்டினா இன்னா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு.

அதன்பின் டாக்டரம்மா மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். உப்பு திரும்பி வந்தது. இந்த மருந்து உங்களுக்கும் எழுதப்பட்டிருந்தால் தெருவைக் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள்.

நான் மறுபடி மெட்டி போடவில்லை. விரலில் அதன் பள்ளம் மட்டும் இருக்கிறது. என் கணவர் இருக்கிறாரா என்று ஊர் என் விரலைப் பார்த்தது. நான் இருக்கிறேனா என்று பார்க்க, இன்றும் எழுந்ததும் என் காலை அழுத்திப் பார்க்கிறேன். குழி விழுவதில்லை.