மேற்குக் குழுவா, தெற்குக் குழுவா?

பல்கலைக்கழக விளையாட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு விளையாடத் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் ஏன் விளையாடவில்லை என்று காரணம் சொல்லத் தெரிந்தால் போதும்.

நான் அப்படிக் காரணம் சொல்லிச் சம்பளம் வாங்கியவள். மண்டபச் சாவி, நடுவருக்குச் சாப்பாடு, அணிகளுக்குப் பஸ், தொலைந்துபோன சப்பாத்து, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். உங்களில் யாராவது ஒரு கந்தோரில் ரெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்திருந்தால் இந்த வேதனை தெரியும். முடிவை எடுப்பது வேறு ஆள், பதில் சொல்வது நாங்கள்.

எங்கள் பல்கலைக்கழகம் ஜெர்மனியில் எசன் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் நாங்கள் மேற்குக் குழு. எதிரணிகள் எல்லாம் அயல் நகரங்கள்தான். சனிக்கிழமை மத்தியானம் ரயிலேறினால், தோற்றுவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கலாம். உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் ஜெர்மனிக்கு வரவிருந்த வருஷத்துக் குளிர்காலத்தில்தான் எங்களுக்குத் தெற்குக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது.

நேர்கோடு

தெற்குக் குழுவில் இருந்தவை எல்லாம் பெரிய பெயர் எடுத்த பல்கலைக்கழகங்கள். ஒரு இடம் காலியாகிவிட்டது, வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் பொறுப்பாளர் கிளைனெர்ட் ஐயா, இங்கத்தைய முறையில் ஹெர் கிளைனெர்ட், இளமையில் கைப்பந்து ஆடியவர், ஓய்வுபெற அதிக காலம் இல்லாதவர், அந்த அழைப்பைப் படித்த நாளிலிருந்து நடையே மாறிவிட்டார். நாட்டின் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். அடிமட்ட அளவுகோலை வைத்து எங்கள் ஊரிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு ஒரு கோடு, மியூனிக் பக்கத்துக் கார்ஹிங்குக்கு ஒரு கோடு. "பாருங்கள் வசந்தி, ஒரு சாண்கூட இல்லை" என்றார்.

எங்கள் அணிகளுக்கு வழமையாகப் பஸ் ஓட்டுபவர் அன்டன் அண்ணை. மன்னார்க்காரர். பைபிளும் சாலை வரைபடமும் ஒரே தட்டில் வைத்திருப்பார். அன்றைக்கு வேறு அலுவலாக வந்தவர், சுவருக்கு முன்னால் நின்று அந்தக் கோடுகளைக் கனநேரம் பார்த்தார். பிறகு ஹெர் கிளைனெர்ட்டுக்கு விளங்காத மொழியில் என்னிடம் சொன்னார்:

"தங்கச்சி, அடிமட்டத்திலை ஓட எனக்கு லைசன்ஸ் இல்லை. நான் ரோட்டாலைதான் ஓடுவன்."

சமையலறை

அடுத்த நாள் மாணவர் பத்திரிகையில் செய்தி வந்தது. தலைப்பைச் சுருக்க வேண்டுமென்று யாரோ "விளையாட்டு", "குழு" என்ற சொற்களையெல்லாம் வெட்டியிருந்தார்கள். மிஞ்சியது, "பல்கலைக்கழகம் தெற்கே போகிறது?" என்பதுதான். காலையிலிருந்து ரெலிபோன் ஓயவில்லை. நூலகமும் போகிறதா என்று ஒருத்தர். பேராசிரியர்களும் போகிறார்களா என்று இன்னொருத்தர். அவருடைய குரலில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது.

மூச்சு வாங்க ஒரு முதலாம் ஆண்டு மாணவன் போன் எடுத்தான். இந்த நாட்டில் வாடகை வீடு என்றால் பாதி வீடுகளில் சமையலறைக்குச் சுவர் மட்டும்தான் இருக்கும். அடுப்பும் அலமாரியும் நாமே வாங்கிப் பூட்ட வேண்டும், வீடு மாறினால் நாமே கழற்றிக்கொண்டு போக வேண்டும். பையன் அந்த வேலையில் இருந்திருக்கிறான். போவது பந்தடிக்கிற அணிகள்தான், கட்டடம் இங்கேயேதான் நிற்கும் என்று நான் பொறுமையாக விளக்கினேன். மறுமுனையில் ஏதோ ஒரு கருவி தரையில் வைக்கப்படும் சத்தம். பிறகு கேட்டான்:

"அப்படியென்றால் நான் இவ்வளவு நேரமும் அலமாரியைக் கழற்றியது வீண்தானா?"

பரீட்சார்த்தப் பயணம்

பெண்கள் கரப்பந்தாட்ட அணிதான் எங்களிடம் இருந்தவற்றுள் உருப்படியான அணி. அதன் தலைவி நிரோஜா. பெற்றோர் யாழ்ப்பாணம், இவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே. பொறியியல் படித்தாள். எழும்பி அடித்தாளென்றால் பந்து திரும்பி வராது. தெற்குக் குழுவுக்குப் போக வேண்டுமென்று ஹெர் கிளைனெர்ட்டைவிட அதிகமாக ஆசைப்பட்டவள் அவள்தான். "அக்கா, இஞ்சை எனக்கு எல்லாரின்ரை அடியும் பாடம். என்னைத் தோக்கடிக்கிற ஆக்களோடை ஒருக்கா விளையாட வேணும்" என்பாள். படிப்பு முடிய அதிக காலம் இல்லை. அவளுக்கு அது பகிடியே இல்லை என்று எனக்குத் தெரியும்.

போய்த்தான் பார்ப்போமே என்று கார்ஹிங்கில் ஒரு நட்புப் போட்டிக்கு ஒழுங்கு செய்தேன். விடியப் புறப்பட்டோம். வழியில் இரண்டு இடத்தில் வாகன நெரிசல், ஒரு இடத்தில் பனி. போய்ச் சேரும்போது எங்களுக்கான நேரத்தின் பெரும்பகுதி போய்விட்டது. அடுத்ததாக மண்டபத்தைப் பதிவு செய்திருந்த ஜூடோக்காரர்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஒரே ஒரு செட் ஆடினோம். தோற்றோம். ஆனால் நிரோஜாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் முன்பு பார்த்ததில்லை.

புள்ளிப் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தவர் மதுரைப் பக்கத்து ஆராய்ச்சி மாணவர். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு ஓடிவந்தார். எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னேன். ஒரு செட்டுக்காகவா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் கையிலிருந்த பலகையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மேடம், நான் பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ தூரம் ட்ராவல் பண்ணினது இல்ல."

முறைப்பாடு

அயல் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஃப்ராவ் வீப்கே எங்கள் பரம எதிரி. ஒவ்வொரு போட்டி முடிந்த பிறகும் முறைப்பாடு அனுப்புவார். வலை உயரம் சரியில்லை, விளக்கு கண்ணைக் குத்துகிறது, எங்கள் பார்வையாளர்கள் மேளம் அடிக்கிறார்கள். எங்கள் மண்டபத்துச் சிலந்தி தன்னுடைய அணியைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதாத குறை. அவருடைய பெயரைக் கண்டாலே எனக்குத் தலையிடிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரே நேரில் வந்து நின்றார். கையில் பிளம்ஸ் கேக். நாங்கள் போவது உண்மையா என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தன்னுடைய அணிப் பிள்ளைகள் வருஷம் முழுக்கப் பயிற்சி செய்வதே எங்களை அடிக்கத்தான், மற்ற அணிகளோடு ஆடும்போது பாதிப் பேர் வருவதே இல்லை என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கேக்கைத்தான் பார்த்தார். நான் கோப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு எழும்பினார்.

"இதற்கு எங்கே முறைப்பாடு செய்வது, சொல்லுங்கள், வலை என்றால் அளந்தாவது காட்டியிருப்பேன்."

தாயார் வருகை

நிரோஜாவின் தாயார் என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னார். தெற்குக் குழு என்றால் ஒரு இரவாவது வெளியே தங்க வேண்டும். "பெட்டைப்பிள்ளை வெளியிலை தங்கிறதோ" என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று பாத்ரூம் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன். தனித்தனி அறை, பொறுப்புக்கு நான், பஸ்ஸுக்கு அன்டன் அண்ணை என்று எல்லாம் தயார்.

வந்தவர், கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "பிள்ளை, அந்தத் தெற்குக் குழுவிலை ஸ்டுட்கார்ட்டும் இருக்கோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பஸ் நேரா அங்கை போகுமோ?" ஓம். "இரவு நிண்டு அடுத்த நாள்தானே திரும்பும்?" இனிமேல்தான் வெடிக்கப் போகிறது என்று நினைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தனித்தனி அறையைப் பற்றித் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்ரை தங்கச்சி அங்கைதான் இருக்கிறாள் பிள்ளை, கெதியா மாறுங்கோ, பஸ்ஸிலை எனக்கும் ஒரு இடம் போடுங்கோ, கறிச்சட்டி வைக்கவும் கொஞ்ச இடம் விடுங்கோ."

வாக்கெடுப்பு

மாசி மாதம் எல்லா அணிகளையும் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தோம். ஹெர் கிளைனெர்ட் அரை மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். பெரிய பெயர்களுக்குப் பக்கத்தில் எங்கள் பெயரும் அச்சாகும் என்று சொன்னபோது எனக்கே கொஞ்சம் புல்லரித்தது. அடுத்து நிரோஜா. இனி இது முடிந்த கதை என்றுதான் எல்லோரும் நினைத்தோம், அவளுடைய ஆசை ஊரறிந்தது.

அவள் எழும்பி நின்றாள். முந்தின நாள் தன்னுடைய அணியில் ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேட்டதாகச் சொன்னாள். ஒருத்திக்குச் சனிக்கிழமை இரவு உணவகத்தில் வேலை. ஒருத்தி ஞாயிறு காலையில் முதியோர் இல்லத்தில் நிற்க வேண்டும். இன்னொருத்திக்குச் சின்னக் குழந்தை. ஒருத்தியும் தன்னிடம் போகாதே என்று சொல்லவில்லை. நீ போ, நாங்கள் சமாளிப்போம் என்றுதான் சொன்னார்களாம்.   மூக்கை உறிஞ்சிக்கொண்டு முடித்தாள்:

"எனக்கு இன்றைக்கும் போகத்தான் ஆசை, ஆனால் பஸ்ஸில் என்னோடு வரப்போவது அன்டனும் என் அம்மாவும் மட்டும்தான், அவர்கள் இரண்டு பேருக்கும் பந்து அடிக்கத் தெரியாது."

மறுப்பு

வாக்கெடுப்பில் மேற்குக் குழுவிலேயே இருப்பது என்று முடிவானது. தெற்கு அணிகளைக் கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு தரம் விருந்துப் போட்டிக்கு அழைப்பது என்றும் பேசிக்கொண்டோம். நிரோஜாவுக்கு அது அரை ஆறுதல். கார்ஹிங் அணியின் தலைவிக்கு அவளே அன்றைக்கே போன் எடுத்து, வந்தால் தங்க வீடுகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டாள்.

ஹெர் கிளைனெர்ட்தான் பாவம். அடுத்த நாள் காலையில் அறைக்குள் போனேன். வரைபடத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டிருந்தார். வருத்தமா என்று கேட்டேன். ஒருமுறையாவது பெரிய இடத்தில் ஆட வேண்டுமென்று இருபது வயதில் வந்த ஆசை, அது வயதைப் பார்த்தா போகும் என்றார். வரைபடத்துக்குப் போட ஒரு ரப்பர் பட்டி எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் பார்த்தார். திடீரென்று திரும்பினார், கண்ணில் பழைய கைப்பந்துக்காரன்.

"தெற்குக் குழுவுக்குப் பதில் எழுதுங்கள் வசந்தி, நாம்தான் அவர்களை வேண்டாமென்று சொன்னோம் என்பது தெளிவாக இருக்கட்டும், அவர்களை மறுத்த பல்கலைக்கழகம் என்பதும் ஒரு பெயர்தானே."

ஒரு குளிர்காலம் முழுக்க ஓடி, பேசி, கோப்பி குடித்து, கடைசியில் ஒன்றையும் மாற்றாமல் விட்டதை வருட அறிக்கையில் "வெற்றிகரமாக நிறைவேறிய திட்டம்" என்று தட்டச்சு செய்தவளும் நான்தான்.