டிவியின் முதுகுச் சூடு

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகன் டிவியில் எதையோ சொருகி விளையாடிக்கொண்டிருந்தான். உள்ளங்கை அளவுப் பெட்டி. அதற்குள் பழைய விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவாம். திடீரென்று அந்த இசை கேட்டது. பல்வலிக்காரன் முனகுவது போல ஓர் இசை, சின்ன வயதில் நானும் அப்பாவும் விளையாடிய விளையாட்டு. நான் துண்டை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பழுப்புத் தொப்பி, பழுப்புக் கோட்டு, கையில் துப்பாக்கி. துப்பறிவாளர் மழையில் தெருவோடு நடந்து போவார். கதவுகள் திறக்கும், ரவுடிகள் குதிப்பார்கள், சுட வேண்டும். வலது பக்கம் மட்டும்தான் அவருக்குப் போகத் தெரியும். இடது பக்கம் திரும்பினால் திரையில் முட்டிக்கொண்டு நிற்பார். யாரைத் தேடுகிறார் என்பது எங்களுக்குத் தெரியாது, கதையெல்லாம் ஜப்பானிய எழுத்தில் ஓடும். அப்பாதான் ஒரு கதை கட்டினார்: "பாவம் லா, வீட்டுச் சாவிய தொலைச்சிட்டாரு. அதான் அலையறாரு."

அப்போது கிள்ளானில் இருந்தோம். அப்பாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. காலை ஆறு மணிக்கே நீலச் சட்டையும் சாப்பாட்டு டப்பாவுமாகக் கிளம்பிவிடுவார். சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் இயந்திர எண்ணெய் வாசம் அடிக்கும். எனக்கு அந்த வாசம் பிடிக்கும், அம்மாவுக்குப் பிடிக்காது. அந்த எண்ணெய் மற்ற துணியில் ஏறிவிடும் என்று அப்பாவின் சட்டைகளை மட்டும் தனி வாளியில் ஊறவைப்பார். என்னுடைய வெள்ளைப் பள்ளிச் சட்டைக்கு அவ்வளவு மரியாதை.

எனக்குப் பத்து வயது. விளையாட்டு முற்றி நானே ஒரு துப்பறிவாளர் என்ற நினைப்பு வேறு. ஒருநாள் நாங்கள் முதல்முறையாக ஐந்தாவது கட்டத்துக்குப் போனோம். அப்பா சட்டென்று சொன்னார்: "மூணாவது கதவுகிட்ட நிக்காதே, மேலேருந்து ஒருத்தன் குதிப்பான்." குதித்தான். இதுவரை வராத இடம் இவருக்கு எப்படித் தெரியும்? என் மூளை சுறுசுறுப்பானது. மறுநாள் மத்தியானம் பள்ளி விட்டு வந்ததும், யாரும் இல்லாத வீட்டில், டிவியின் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்து டிவிக்குப் பெரிய முதுகு உண்டு. சுட்டது. அதற்கடுத்த நாளும் சுட்டது. அம்மா ஒன்பது மணிக்கே துணிக்கடை வேலைக்குப் போய்விடுவார். மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான்.

ராத்திரிச் சாப்பாட்டில் வழக்கை முடித்துவைத்தேன். "அம்மா, அப்பா வேலைக்கே போறதில்ல. நாம போனப்புறம் வீட்டுக்கு வந்து கேம் விளையாடுறாரு. டிவி சூடா இருக்கு!"

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அம்மா அப்பாவைப் பார்க்கவே இல்லை. "வாய மூடிட்டு சாப்பிடு" என்று என் மேல்தான் பாய்ந்தார். அப்பா தட்டைப் பார்த்தபடி, "கம்பெனிய மூடிட்டாங்க. மூணு மாசமாச்சு" என்றார். பிறகு என் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரிதான் லா நீ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவே கூடாது.

அதற்குப் பிறகு அப்பா நீலச் சட்டை போடவில்லை. விளையாட்டுப் பெட்டி அலமாரி மேல் ஏறியது. கொஞ்ச நாளில் ஷா ஆலமில் காவலாளி வேலை கிடைத்தது. நான் கூப்பிட்டாலும், "நீ விளையாடும்மா" என்பதோடு சரி. எங்கள் வீட்டில் கடைசிக் கட்டம் வரை யாரும் போகவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மகன் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டான். கடைசியில் துப்பறிவாளர் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார். பையிலிருந்து சாவி எடுத்துத் திறக்கிறார். உள்ளே விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். அந்தக் காலைகளில் அப்பா தனியாக உட்கார்ந்து இதைப் பார்த்திருப்பாரோ?

மடியில் கிடந்த துண்டை எடுத்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. அந்த மூன்று மாதமும் என் வெள்ளைச் சட்டையும் அப்பாவின் நீலச் சட்டையும் ஒரே வாளியில்தான் ஊறின. நான் பார்த்தேன், பார்த்தும் எனக்கு அது தடயமாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு முதல் வாரமே தெரிந்திருக்கும். தெரிந்துதான் தினமும் அந்த டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறார். அப்பாவே சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார். நடுவில் நான் புகுந்தேன்.

கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது இருவருமே இல்லை. எழுந்து போய் டிவிக்குப் பின்னால் கையை விட்டேன். சுவரோடு ஒட்டிய டிவி, விரல்கூட நுழையவில்லை.

"என்னம்மா தேடுற?" என்றான் மகன்.