அண்ணியின் விராலி வேலி

என் அண்ணி தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ஊரெல்லாம் லாரி நிறையக் கொண்டுபோய் ஊற்றுகிறவரின் வாசலில் ஒரு பூச்செடி கூடக் கிடையாது. "ஜனங்க குடத்தோட நிக்கறப்ப நான் ரோஜாவுக்கு ஊத்திக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?" என்பார். எங்கள் வீட்டுக் குடங்களையும் வரிசையில்தான் வைக்க வேண்டும். அதிலும் எங்களுக்குக் கடைசியில்தான் ஊற்றுவார். டிரைவரின் நாத்தனாராக இருந்துகொண்டு வெயிலில் நிற்பது எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று சொல்லி மாளாது.

ஆனாலும் அவருக்குப் பச்சையின் மேல் ஆசை. லாரியில் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு பாறைக் குன்று இருக்கிறது. கோடையில் அங்கே எல்லாம் கருகிக் கிடக்க, விராலிப் புதர் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் மினுமினுத்துக்கொண்டு நிற்குமாம். ஒருநாள் அதன் விதைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கொதிநீர் ஊற்றி ஊறவைத்தால்தான் அந்தக் கெட்டி விதை முளைக்கும். அடுப்படியில் மூடி வைத்திருந்ததைக் கஷாயம் என்று நினைத்து நான் டம்ளரில் ஊற்றிவிட்டேன். "குடிச்சுடாதடி, வயித்துக்குள்ள வேலி முளைச்சிடும்!" என்று பிடுங்கிக்கொண்டார்.

கன்றுகளை எங்கள் வீட்டுக்கு முன்னால் சாலையோரமாக வேலிபோல் நட்டு, வேர் பிடிக்கும்வரை எங்கள் பங்குத் தண்ணீரிலிருந்து ஒரு கரண்டி ஊற்றினார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார். "இனிமே அதுபாட்டுக்கு வளரும். யாரும் கொஞ்ச வேண்டாம்." வளர்ந்தது. இடுப்புயரம், பிறகு தோளுயரம். இலையைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். ஆடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். விடுமுறை நாளில் அண்ணி கத்தரியோடு வேலிப் பக்கம் போனால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது.

மழையே பெய்யாத ஒரு வருடம் வந்தது. தெருவே காய்ந்து சருகாகக் கிடந்தபோது எங்கள் வேலி மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. மூலைச் செடி ஒன்றுதான் மஞ்சளடித்து இலை உதிர்த்துக்கொண்டிருந்தது. பூச்சியா, அடியில் பாறையா என்று அண்ணி மண்டையை உடைத்துக்கொண்டார். எதிர்வீட்டு அக்காவின் கண்ணில் அந்த மஞ்சள் படவில்லை, பச்சைதான் பட்டது. "நம்ம குடம் நிறையறதுக்குள்ள லாரி காலியாயிடுது. அவங்க செடி மட்டும் எப்படித் தளதளன்னு நிக்குது?"

பேச்சு அண்ணியின் அலுவலகம்வரை போனது. லாரித் தண்ணீரைத் திருடினார் என்று முடிவானால் வேலை போய்விடும். வேலை போனால்கூடப் போகட்டும், அந்தத் தெருவில் அண்ணி எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? நான் போய் அந்த அக்காவை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். "ஆளு வந்து பாக்கட்டும். நம்ம மேல தப்பில்ல, நீ சும்மா இரு," என்று அண்ணி அடக்கிவிட்டார்.

மேற்பார்வையாளர் கடப்பாரையோடு வந்தார். தெருவே கூடிவிட்டது. அவர் முதலில் குத்தியது மூலைச் செடியின் அடியில்தான். மண் சேறாக வந்தது.

"என்னம்மா இது? தண்ணியே ஊத்தறதில்லன்னு சொன்னீங்க?"

அண்ணியின் முகம் வெளுத்துப்போயிற்று.

"லாரி சாவியக் குடுங்க."

அண்ணி சாவியை எடுத்து நீட்டினார். எவ்வளவு குறுகலான சந்திலும் லாரியைப் பின்னுக்கு எடுக்கிற கை அது.

அப்போது கழுத்தில் அளவு டேப்போடு அண்ணன் வெளியே வந்தான். அவன் தையல்காரன், அந்த மூலை ஜன்னலோரம்தான் அவனுடைய மிஷின். "நான்தான் சார் ஊத்தினேன். வெட்டறதுக்கு முன்னாடி எங்க பங்குத் தண்ணியில துணிய நனைச்சு வெப்பேன், சுருங்கறது அப்பவே சுருங்கிடும்னு. அந்தத் தண்ணிய ஜன்னல் வழியா இதுக்கு ஊத்திடுவேன். வாயில்லாத ஜீவன், பாவம்னு..."

"எப்பலேர்ந்து?" என்றார் அண்ணி.

"ரொம்ப நாளா. முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மஞ்சளாச்சு. பாவமேன்னு இன்னும் கொஞ்சம் சேத்து ஊத்தினேன்."

அண்ணிக்குச் சாவியும் மறந்தது, வேலையும் மறந்தது. "அட மனுஷா! கொஞ்சியே கொன்னுட்டீங்களே என் செடிய! சார், மத்ததையும் தோண்டுங்க. எல்லாத்தையும் தோண்டுங்க!"

தோண்டினார். மற்ற செடிகளின் அடியில் எல்லாம் வெறும் புழுதி. அசைத்துப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. மூலைச் செடி மட்டும் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுத்து அழுகியிருந்தது. மேற்பார்வையாளர் அதையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊத்தினது சாகுது, ஊத்தாதது நிக்குது. இதுல எதம்மா நான் திருட்டுன்னு சொல்றது?" சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் உள்ளே போனவன் சாயங்காலம்வரை தலையைக் காட்டவில்லை.

மறுநாள் லாரி வந்தபோது வரிசையில் எதிர்வீட்டுக் குடங்கள் இல்லை. வெட்கம். நல்லா வேணும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அண்ணி ஹாரன் அடித்தார். யாரும் வரவில்லை. மறுபடியும் அடித்தார். பிறகு வண்டியை விட்டு இறங்கிப்போய், அந்த வாசலில் கவிழ்த்து வைத்திருந்த குடங்களைத் தானே எடுத்து வந்தார். விளிம்புவரை நிரப்பி, திரும்பக் கொண்டுபோய்ப் படியில் வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, உங்களுக்குச் சூடு சொரணையே இல்லையா?"

"கோவம் இருக்குடி. நெறைய இருக்கு. அத தண்ணியிலயா காட்டறது?"

இப்படி ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் முறை அன்றும் கடைசியில்தான் வந்தது. குடம் பாதி நிறைவதற்குள் லாரி காலியாகிவிட்டது. நான் அதை ஒரு சொட்டும் சிந்தாமல் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.