கடைசியாக உள்ளே வந்தவர்

போன வாரம் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்கு வந்த பஸ்ஸில், எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் போனில் ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவே ரோடு நுழையும் இடத்தில் சிக்னல் ஒரு நிமிடம் படுத்துவிடும். ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். "கோட்டைகிட்ட வந்துட்டேன், கட்டாவும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசுவார்கள். இவருக்குத் தெரியவில்லை. பக்கம் வெள்ளையாகி, நடுவில் உதடு பிதுக்கிய சின்ன முகம் ஒன்று வந்து நின்றது. அவர் விரலால் திரையை மேலும் கீழும் இழுத்தார்.

"தொடாதீங்க. அப்படியே வைங்க. மலை தாண்டினதும் வரும்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பழைய தொழில் புத்தி.

மலை தாண்டியதும் வந்தது. அவர் நன்றி சொன்னார். எனக்கு மட்டும், சம்பந்தமே இல்லாமல், லேமினேஷன் மிஷின் சூடாகும் வாசனை மூக்கில் ஏறியது.

அந்த வாசனையில்தான் நான் ஏழெட்டு வருடம் குடியிருந்தேன். அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அந்த வேலையில் பெயர் கிடைத்தது. சோறு, பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் நான் நடத்திய பிரவுசிங் சென்டரில் கிடைத்தது. நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ், ஒரு பிரிண்டர், மேலே சொன்ன லேமினேஷன் மிஷின். கீழே டீக்கடை. மாடிப்படியில் எப்போதும் செருப்புகள்.

எங்கள் கடையில் இணையப் பக்கம் உறைந்து நின்றால் "பக்கம் செத்துடுச்சு" என்போம். அது நாளைக்குப் பத்துத் தடவை சாகும். நான் அதை எழுப்பித் தருகிறவன் என்று ஊரில் பெயர். உண்மையில் எனக்குத் தெரிந்த வைத்தியம் நான்குதான். திறந்திருக்கும் மற்ற பக்கங்களை எல்லாம் மூடுவது. தேங்கிய பழைய குப்பையை அழிப்பது. வேறு பிரவுசரில் திறந்து பார்ப்பது. எதுவும் நடக்கவில்லை என்றால் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிப் பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி செருகுவது. எண்ணும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வேன். அதில்தான் பாதி மரியாதை இருந்தது.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. வருகிறவர்களுக்குப் பாஸ்வேர்டு நான்தான் போட்டுத் தருவேன். மறந்துவிட்டு மறுபடி வந்து நிற்பார்கள் என்பதால் எல்லோருக்கும் ஒரே அச்சு. பெயரை ஆங்கிலத்தில் எழுதி, ஒரு 'அட்' குறி போட்டு, வீட்டு போன் நம்பரின் கடைசி நான்கு எண். ரேஷன் கார்டிலிருந்து அரசுத் தேர்வு வரைக்கும் இதேதான். அவலூர்பேட்டை முதல் அனந்தபுரம் வரை பாதிக் குடும்பங்களின் கதவுக்கு ஒரே மாதிரி சாவி செய்து கொடுத்திருந்தேன். அதை நான் சேவை என்று நினைத்திருந்தேன்.

ஏழுமலை தன் மகள் தேன்மொழியுடன் மாடியேறி வந்த மதியம், சாவியைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை.

ஏழுமலை மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். ஊர் அவலூர்பேட்டை பக்கம். எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஆனால் சாக்கில் மையால் போட்டிருக்கும் குறியைத் தூரத்திலிருந்து பார்த்தே எந்த வியாபாரியின் மூட்டை என்று சொல்லிவிடுவார். தேன்மொழி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்கி, கடைசியாக 'பூட்டு' என்று இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அன்று மாலை ஐந்து மணி கெடு. பூட்டாதவர்களுக்கு அந்தச் சுற்றில் இடமில்லை.

வரிசையை அவள் முந்தின நாளே என் கடையில் அடுக்கிவிட்டுப் போயிருந்தாள். முதலில் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி. அன்று அப்பா அதை மாற்ற வந்திருந்தார்.

"பஸ்ஸு வூட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கினு போவுது சார், நம்ம பக்கத்துலயே காலேஜி. அத மொதல்ல போடுங்க. கோயமுத்தூரு இன்னா பக்கமா? ஒரு ஜொரம்னா நான் எப்ப போய்ச் சேர்றது?"

நான் மாற்றினேன். பக்கத்துக் கல்லூரியின் பெயர் சின்னது, ஒரு வரிக்குள் அடங்கியது. கோயமுத்தூர்க் கல்லூரியின் பெயர் முகவரியோடு சேர்ந்து இரண்டு வரிக்கு ஓடும். சின்னதை மேலே ஏற்றிவிட்டுப் பூட்டப் போனேன். பக்கம் செத்தது.

மணி மூன்றரை. மறுபடி உள்ளே நுழைந்தேன். வரிசையில் கோயமுத்தூர் மேலே இருந்தது. நான் சேமிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி மாற்றினேன். மறுபடி செத்தது. முதல் வைத்தியம், இரண்டாம் வைத்தியம். நுழைந்தால் கோயமுத்தூர்.

ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்காக நின்றிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், உங்க மிஷினுக்கே அந்தப் பொண்ண கோயமுத்தூருக்கு அனுப்பணும்னு ஆச போல."

"நீ உன் வேலயப் பாருய்யா" என்றார் ஏழுமலை. அவருக்கு வேர்த்திருந்தது. துண்டை எடுத்துத் துடைக்கவில்லை.

மூன்றாம் வைத்தியம் பலிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். பத்து வரை எண்ணினேன். முகம் கடுமையாகத்தான் இருந்தது, ஆனால் அன்று நடிப்பு இல்லை. என் போனிலேயே இணையத்தைப் போட்டு அதில் திறந்தேன். வந்தது, மாற்றினேன், செத்தது. கம்ப்யூட்டரில் செத்தது போனிலும் செத்தால் கோளாறு என் மிஷினில் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மணி நாலரை.

கோபத்தில் எதையாவது அடித்து உடைக்கலாம் என்று இருந்தது. அதற்குப் பதில் போனில் உறைந்து நின்ற பக்கத்தை மேலிருந்து கீழே வரை ஒருமுறை படித்தேன். செய்தி ஆசிரியர் ஒருவர் என்னை அப்படிப் பழக்கியிருந்தார்: தலைப்பைப் பார்க்காதே, அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படி என்பார். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், கடைசியாக உள்ளே வந்த நேரம் என்று ஒரு வரி இருந்தது. நாலு இருபத்தாறு என்று காட்டியது. நாலு இருபத்தாறுக்கு நான் மோடத்தின் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேறு யாரோ உள்ளே இருந்தார்கள். அவர்கள் நுழையும்போது நாங்கள் வெளியே தள்ளப்பட்டோம். நாங்கள் நுழையும்போது அவர்கள். பக்கம் சாகவே இல்லை. இரண்டு கைகள் ஒரே கதவை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டு பேருக்கும் பூட்ட நேரம் கிடைக்கவில்லை.

"உங்க போன் நம்பர வெச்சி இதுக்கு முன்னாடி இங்க யாருக்காவது பதிஞ்சிருக்கோமா?" என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

யோசித்தார். "பெரியவளுக்கு. வேலவாய்ப்பு ஆபீஸ்ல பதியணும்னு இட்டாந்தேன். அது ஆச்சி மூணு வருசம்."

பெரியவள் அமுதா. அனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கும் நான்தான் பாஸ்வேர்டு போட்டேன். பெயர், 'அட்' குறி, அதே நான்கு எண். தன் பெயர் இருந்த இடத்தில் தங்கை பெயரைப் போட்டால் போதும்.

"பாஸ்வேர்ட மாத்திட்டா அவங்களால உள்ள வரமுடியாது" என்றேன். சொல்லும்போதே தேன்மொழியைப் பார்த்தேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழுமலை போனை எடுத்தார். கமிட்டிச் சத்தத்தில் பழகியவர், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அமுதா, போன்ல இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. அப்புறம் அடுப்பை அணைக்கும் சத்தம்.

"நாந்தான் நைனா."

"மிஷினு கெட்டுப்போச்சின்னு சாரு ஒரு மணி நேரமா கழட்டி மாட்டிக்கினு இருக்காரு. நீ அங்க உக்காந்துக்கினு..."

"அவ நேத்து இன்னா எழுதினான்னு எங்கிட்ட சொன்னா, அதத்தான் திரும்ப வெச்சேன். நீ மாத்தினா நா மறுபடி வெப்பேன்."

"அஞ்சி மணிக்கு மூடிடுவான். ரெண்டு பேரும் இப்டியே மாத்திக்கினு இருந்தா அவளுக்கு ரெண்டும் இல்லாம போயிடும், தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வுடேன்டி."

"என்னையும் இதே கடைக்குத்தான் இட்டாந்த நைனா. பதிஞ்சிட்டு வந்தோம். அடுத்த வாரம் பொண்ணு பாக்க வந்துட்டாங்க."

ஏழுமலை போனை மேசையில் வைத்தார். ஜெராக்ஸுக்கு வந்தவர் தன் தாள்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார். மணி நாலு நாற்பத்தெட்டு. எனக்கு நேரம் மட்டும் கண்ணில் பட்டது. நிருபர்களுக்கு இது ஒரு வியாதி.

"அத இன்னாத்துக்கு இப்ப பேசுற" என்றார், மிகவும் மெதுவாக.

"பேசல. நா வெளிய வந்துட்டேன் நைனா. இனிமே உள்ள வரமாட்டேன், சத்தியமா. நீயே பாத்துப் பண்ணு." இணைப்பு அறுந்தது.

உள்ளே நுழைந்தேன். சக்கரம் சுற்றியது. வரிசை வந்தது. கோயமுத்தூர் மேலே.

"மாத்தட்டுமா நைனா?" என்று கேட்டாள் தேன்மொழி. அன்று அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

ஏழுமலை திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். சாக்குக் குறியைப் பார்க்கிற அதே பார்வை. முதல் பெயரின்மேல் விரலை வைத்து ஓட்டினார். விரல் வலது ஓரம் வரைக்கும் போய், கீழே இறங்கி, இரண்டாம் வரியிலும் கொஞ்ச தூரம் போனது. சின்னப் பெயர் அல்ல என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. விரலை எடுத்தார்.

"பூட்டறது எது சார்?"

காட்டினேன்.

"நீ அமுக்கு" என்று மகளிடம் சொன்னார்.

அழுத்தினாள். பக்கம் வெள்ளையானது.

இந்த முறை நிஜமாகவே செத்தது. ஊரில் எல்லோரும் கடைசிப் பத்து நிமிடத்தில் அழுத்திக்கொண்டிருந்திருப்பார்கள். சக்கரம்கூடச் சுற்றவில்லை. மணி நாலு ஐம்பத்துமூன்று. என் கை ரிஃப்ரெஷ் பொத்தானுக்குப் போனது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். பாதி வழியில் போய்க்கொண்டிருக்கும் ஒன்றை இழுத்தால் மொத்தமும் போகும். நான்கு வைத்தியத்தில் ஒன்றும் உதவாத இடம் அது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏன் சார் சும்மா இருக்கீங்க?" என்றார் ஜெராக்ஸுக்கு வந்தவர். பரிகாசம் குரலிலிருந்து போயிருந்தது.

"இருக்கணும்."

நாலு ஐம்பத்தாறு. கீழே டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். ஏழுமலை இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார். மூட்டை முதுகில் ஏறும் முன் நிற்பார்களே, அப்படி நின்றார். நாலு ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு.

மேசையில் கிடந்த அவருடைய போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், என்னிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் ஒரே வரி. பூட்டப்பட்டது.

திரை வெள்ளையாகவே இருந்தது. பக்கம் கடைசி வரை வரவில்லை.

அந்த நாளை நான் செய்தியாக எழுதவில்லை. கடைசி நேரத்தில் இணையதளம் முடங்கியதால் மாணவர்கள் அவதி என்று நாலு வரி அனுப்பினேன், அது மூன்று வரியாக வந்தது. தேன்மொழி சில நாள் கழித்து, கோயமுத்தூர் இடத்துக்கான ஆணையை லேமினேட் செய்ய வந்தாள். அக்கா வேலை என்று எப்போது தெரிந்தது என்று கேட்டேன். "ரெண்டாவது தடவையே தெரிஞ்சிடுச்சி சார். சொன்னா நைனா அக்காகிட்ட பேசமாட்டாரேன்னு பயம்."

அமுதாவும் ஒருநாள் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. தன் வேலைவாய்ப்புப் பதிவு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பாஸ்வேர்டு கேட்கத் தேவையில்லை, நானே அடித்தேன். பக்கம் சாகாமல், ஒரே தட்டில் திறந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, கெடு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அடியில் சாம்பல் நிற வரியைப் பார்த்தேன். கடைசியாக உள்ளே வந்த நாள், நான் அவளுக்குப் பதிந்து கொடுத்த அதே நாள்.

"சும்மா பாக்கலாம்னுதான் வந்தேன் சார்" என்று சொல்லிவிட்டு, குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள். புதிதாகப் பதியலாம் என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம்.

மாடியில் இப்போது போன் உறை விற்கிறார்கள். என் நான்கு கம்ப்யூட்டரும் எடைக்குப் போயின. அந்தச் சாம்பல் நிற வரியை எல்லாத் தளங்களிலிருந்தும் எடுத்துவிட்டார்களோ என்னவோ, என் கண்ணில் படுவதில்லை. என் ஒற்றை அச்சுப் பாஸ்வேர்டை எந்தப் பக்கமும் ஏற்பதில்லை. அது நல்லதுதான், வேறு யாராவது அப்படிப் போட்டுத் தந்திருந்தால் நானே கண்டித்துச் செய்தி எழுதியிருப்பேன்.

பஸ் செஞ்சிக்குள் நுழையும்போது அந்தப் பெண்ணின் பக்கம் மறுபடி செத்தது. இங்கே சிக்னலுக்குக் குறைவில்லை. பழக்கத்தில் கேட்டேன்: "வேற யாராவது இதே நம்பர்ல உள்ள இருக்காங்களா, வீட்ல?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாரு வரமுடியும் சார்? ஓடிபி எனக்கு மட்டுந்தான் வரும்."