தட்டைச் சுற்றிய கை

அந்தப் படம் எப்படி இருந்தது என்று என்னை ஒரே ஒரு ஆள்தான் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று அவரே பிறகு நினைத்திருப்பார்.

ஓர் அநாதைப் பையன் வளர்ந்து ஆளாகிற படம். தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. பெங்களூர் சிவாஜிநகர் பக்கம் தமிழ்ப் படம் போடுகிற தியேட்டரில் ஒரு வாரம் ஓடியிருந்தால் அதிகம். பார்த்தவர்கள் எல்லோரும் திட்டினார்கள். நான் பார்க்கப் போனது பெண் வீட்டாரோடு.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊர் வேலூர் பக்கம் என்பேன். அங்கே ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தேன். அப்பா அம்மா யாரென்று தெரியாது. எட்டாவது வரை படிப்பு. அங்கேயே லேத் வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு பெங்களூர் வந்தேன்.

எங்கள் ஒர்க்ஷாப் சூப்பர்வைசர்தான் பெண் பார்த்தார். அவர் தெருவில் ஒரு குடும்பம். தாத்தா காலத்திலேயே பெங்களூர் வந்தவர்கள். சண்டை தமிழில், சமாதானம் கன்னடத்தில் என்று இருக்கும் அந்த வீடு. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரே பெண். கார்மென்ட்ஸில் வேலை செய்தாள். சூப்பர்வைசர் அவர்களிடம், "பெரியவங்க இல்ல, ஹாஸ்டல்ல வளர்ந்த பையன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

கண்டக்டர் என்னைப் பார்க்க ஃபேக்டரி கேட்டுக்கு வந்தார். டீக்கடையில் நின்றோம். நானே சொன்னேன்.

"ஹாஸ்டல் இல்லீங்க. அநாதை இல்லம்."

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"குடிப்பியா?"

"இல்லீங்க."

"பீடி, சிகரெட்?"

"இல்லீங்க."

"அப்ப சரி. வீட்டுல நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத தம்பி."

அவர் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போன அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பெண்ணின் அம்மா தட்டை நீட்டிக்கொண்டே, "உங்களுக்கு குலதெய்வம் எதுப்பா? மொதல் பத்திரிக்கை அங்கதான் வெக்கணும்" என்றார். கண்டக்டர் குறுக்கே விழுந்தார். "அதெல்லாம் அப்புறம். காபி ஆறுது பாரு." பெண்ணின் தாய்மாமன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். தாய்மாமனுக்கு சிவாஜிநகரில் துணிக்கடை. அந்த வீட்டில் அவர் சொல்தான் கடைசிச் சொல்.

அடுத்த வாரம் கண்டக்டர் மறுபடியும் கேட்டுக்கு வந்தார். முகத்தில் சந்தோஷம்.

"ஒரு படம் வந்திருக்கு தம்பி. அநாதைப் பையன் கதை. டிப்போவுல நம்ம ஆளு ஒருத்தன் பாத்துட்டு வந்து ஓன்னு அழுதான். குடும்பத்தோட போறோம். நீயும் வா."

"எதுக்குங்க?"

"பொம்பளைங்க அழுவாங்க. மச்சானும் எளகிடுவான். அந்தச் சூட்டோட விஷயத்தப் போட்டு ஒடச்சிடறேன்."

"வேணாங்க. நேராவே சொல்லிடுங்க."

"உனக்குப் பொம்பளைங்களத் தெரியாது. முப்பது வருஷம் பஸ்ஸுல பாத்தவன் நானு."

அவருக்கு சினிமா மேல் அவ்வளவு நம்பிக்கை. தியேட்டரில் அழுதவன் வெளியே வந்ததும் யாருக்கும் கெட்டது செய்ய மாட்டான் என்பார். சரி, வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. ஒரு ஓரத்தில் நான், பக்கத்தில் கண்டக்டர், அப்புறம் தாய்மாமன், அம்மா. அந்தக் கோடியில் பெண். அம்மா கர்சீப்பை மடித்து மடியில் தயாராக வைத்திருந்தார்.

படத்தில் அந்தப் பையன் அழவே இல்லை. அடி வாங்கினான், அழவில்லை. கூட இருந்த பையன் செத்தான், அப்போதும் அழவில்லை. முறைத்துக்கொண்டு நின்றான். பின்னால் இருந்து ஒருவன் கத்தினான். "அழுது தொலைடா, நாங்க வீட்டுக்குப் போகணும்." தியேட்டர் சிரித்தது. பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. இடைவேளையில் முறுக்கு வாங்கப் போன பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

கண்டக்டர் படத்தைப் பார்க்கவில்லை. இருட்டில் தன் மனைவியின் கண்ணைத்தான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கர்சீப் மடித்தபடியே இருந்தது.

ஒரு சாப்பாட்டு சீன் வந்தது. பையன்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இந்தப் பையன் இடது கையைத் தட்டைச் சுற்றி வளைத்து வைத்துக்கொண்டு, குனிந்து, வேகவேகமாகச் சாப்பிடுகிறான். "டேய், எவன்டா உன் சோத்தப் புடுங்கப் போறான்?" என்று மறுபடியும் அதே குரல். அதற்கும் சிரிப்பு.

புடுங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை முட்டை போடுவார்கள். பெரிய பையன்கள் கடந்து போகும்போது எடுத்துக்கொண்டு போவார்கள். படத்தில் முட்டை இல்லை. கை மட்டும் சரியாக இருந்தது.

அப்புறம் பையன் பெரியவனானான். சோறு போட்டவர், துணி கொடுத்தவர், வேலை கொடுத்தவர் என்று தேடித் தேடிப் போய்க் காலில் விழுந்தான். படம் முடிந்தது.

வெளியே அடுத்த ஷோவுக்கு க்யூ நின்றது. க்யூவில் ஒருவர் தாய்மாமனைக் கேட்டார். "படம் எப்டிண்ணா?"

"சாவு வீடு தேவலாம். ஊட்டுக்குப் போய்ப் படு."

க்யூவில் இரண்டு பேர் நிஜமாகவே நகர்ந்தார்கள்.

கண்டக்டர் முகம் தொங்கிவிட்டது. தாய்மாமன் எல்லோரையும் தன் கடைக்குப் பக்கத்தில் இருந்த தர்ஷினிக்கு அழைத்துப் போனார். நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டல். இடுப்பு உயரத்தில் ஒரு வட்ட மேசை. ஐந்து பேரும் அதைச் சுற்றி நின்றோம். தாய்மாமன்தான் கவுண்ட்டரில் சொன்னார். எல்லோருக்கும் மசாலா வைக்காத காலி தோசை, கேசரிபாத் என்கிற கேசரி. காபி பை-டூ, ஒன்றை இரண்டாக ஊற்றி.

"பைசா குடுத்து இழவு வாங்கின மாதிரி" என்று ஆரம்பித்தார் தாய்மாமன். "இன்னா மாமா, யாரு சொன்னது உனக்கு, நல்ல படம்னு?"

"டிப்போவுல ஒருத்தன்."

"அவன் தண்ணி போட்டுட்டு அழுதிருப்பான்."

அம்மாவுக்கும் ஆத்திரம். "பெத்தவ ஒருத்தி கடைசியில வருவா வருவான்னு பாத்துட்டே இருந்தேன். வரவே இல்லியே. அப்பறம் எதுக்குப் படம்? எந்த ஊரு, என்ன ஜாதி, ஒண்ணும் சொல்லல. அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

"குடுத்தாதான் என்ன?" என்றார் கண்டக்டர். குரல் மேலே எழவில்லை.

"சினிமாவுல குடுக்கலாம்" என்றார் தாய்மாமன். "வீட்டுல குடுப்பியா? ரத்தம் எதுன்னு தெரியாம? நாளைக்கி அவன் என்ன பண்ணுவான்னு யாரக் கேக்கறது? எந்தப் போலீஸ் ஸ்டேஷன்ல தேடறது?"

நான் தோசையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெண் என் எதிரில் நின்றாள்.

"அப்பறம் அந்தச் சோறு துண்ற சீனு" என்று தாய்மாமன் சிரித்தார். "தட்டக் கட்டிப் புடிச்சிக்கினு. யாரு அப்டி துண்றா? டைரக்டருக்குத் துண்ணவே தெரியாதுபோல. இல்ல மாப்ளே? நீ சொல்லு, உனக்கு எப்டி இருந்துச்சு படம்?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். இடது கை தட்டைச் சுற்றி இருந்தது.

பெங்களூர் வந்த புதிதில் ரூமில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதனால் சாப்பிடும்போது இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். அன்றைக்கு அது தானாக வெளியே வந்திருந்தது. பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியாது.

எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

"சாப்பாட்டு சீன் சரியாத்தான் எடுத்திருக்காங்க" என்றேன். "மத்ததெல்லாம் பொய்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"நான் அப்படித்தான் வளர்ந்தேன். இல்லத்துல."

தாய்மாமன் என் கையைப் பார்த்தார். பிறகு கண்டக்டரைப் பார்த்தார். ஓட்டல் பையன் வந்து, "இன்னேனு பேகு சார்?" என்று கன்னடத்தில் கேட்டான், இன்னும் என்ன வேண்டும் என்று.

அம்மாதான் முதலில் பேசினார். "அப்ப குலதெய்வம்?"

"தெரியாதுங்க."

அவர் கேசரிபாத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உனக்குத் தெரியுமா மாமா?" என்றார் தாய்மாமன்.

கண்டக்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். "படம் மட்டும் ஒழுங்கா எடுத்திருந்தான்னா இவ்ளோ கஷ்டம் இல்ல" என்றார். அவர் அதை நிஜமாகவே சொன்னார்.

தாய்மாமன் கை கழுவப் போனார். வந்து, "அக்கா, வா. பாப்பா, நீயும் வா" என்றார். காபி வந்துவிட்டது. அவர் தொடவில்லை.

"நான் இன்னும் சாப்ட்டு முடிக்கல மாமா" என்றாள் பெண்.

அக்காவும் தம்பியும் வெளியே போய் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நின்றார்கள். கண்டக்டர் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு அவர்கள் பின்னால் போனார். பெண் நிதானமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். அதற்கு முன் அவள் என்னிடம் பேசியதே இல்லை.

"எனக்கும் படம் புடிக்கல."

நான் தட்டிலிருந்து நிமிர்ந்தேன்.

"அவன் ஏன் எல்லார் கால்லயும் விழறான்?"

"விழச் சொல்வாங்க. சோறு போட வர்றவங்களுக்கு அது வேணும்."

"நீங்க விழுந்தீங்களா?"

"விழுந்தேன்."

"இனிமே விழாதீங்க" என்றாள். காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து பேச்சே இல்லை. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தால் வேறு மெஷின் பக்கம் போய்விடுவார். எனக்கு அந்தப் பெண் வேண்டும் என்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

கண்டக்டர் மூன்றாவது முறை கேட்டுக்கு வந்தார். ஷிஃப்ட் முடியும்வரை காத்திருந்தார்.

"பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கிறா, உன்னத்தான் கட்டுவேன்னு. அவங்கம்மா, தன் தம்பி சரின்னா சரிங்கறா. மச்சான் ஒண்ணே ஒண்ணு சொல்றான்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ அவன் கடைக்கு வரணும். மறைச்சது தப்புன்னு அவன் கால்ல விழணும். எல்லாரும் இருக்கறப்ப. விழுந்தா, அவனே முன்னால நின்னு நடத்தறேங்கறான்."

"நான் மறைக்கலீங்க. உங்ககிட்ட சொன்னேன்."

"எனக்குத் தெரியாதா? இப்ப நியாயமா முக்கியம்? ஒரு நிமிஷ வேல தம்பி. கல்யாணத்துல எப்டியும் எல்லார் கால்லயும் விழத்தானே போற?"

"அது வேற. இது படத்துல விழறானே, அது."

"தாய்மாமன் இல்லாம கல்யாணம் எப்டிப்பா? மாலை எடுத்துக் குடுக்கறது யாரு? நீ பிடிவாதம் புடிச்சா இந்த சம்பந்தம் இல்ல. யோசிச்சுக்கோ."

யோசித்தேன். ஒரு நிமிஷம்தான். கடை வாசலில் குனிந்து எழுந்தால் பெண் கிடைக்கும். அவள் சொன்னதும் ஞாபகம் இருந்தது.

"மாட்டேங்க" என்றேன்.

அவர் பஸ் ஏறிப் போனார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ரூமுக்கு நடந்தேன். அன்று சமையல் என் முறை. சமைத்தேன்.

நான் சொன்னதைக் கண்டக்டர் வீட்டில் அப்படியே சொல்லியிருக்கிறார். தாய்மாமன் அங்கேதான் இருந்திருக்கிறார். "பாத்தியா திமிர? சோறு போட்டு வளத்த எடத்துல மரியாத கத்துக் குடுக்கல" என்றாராம். அவள், "அப்பா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்க கல்யாணத்துக்கு எழுதிக் குடுத்துட்டு வா" என்றாளாம். இதெல்லாம் அவளே பிறகு சொன்னது.

ரிஜிஸ்டர் ஆபீஸில்தான் கல்யாணம். என் பக்கம் அப்பா அம்மா இல்லை. அவள் பக்கம் தாய்மாமன் இல்லை. மாலையைக் கண்டக்டரே எடுத்துக் கொடுத்தார். சூப்பர்வைசர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவள் அம்மா கடைசியில் வந்து கதவு ஓரம் நின்றார். அவர் காலில் விழுந்தோம், இரண்டு பேரும். அவர் அவள் தலையை மட்டும் தொட்டார். பத்திரிக்கை அடிக்கவில்லை. அதனால் முதல் பத்திரிக்கையை எங்கே வைப்பது என்ற கேள்வி வரவில்லை.

தாய்மாமன் இன்றுவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நானும் அந்தக் கடைப் பக்கம் போனதில்லை. சிவாஜிநகரில் சட்டைத் துணி எடுக்க வேண்டி வந்தால் வேறு தெருவில் எடுப்பேன்.

கண்டக்டர் இறந்து போன பிறகு மாமியார் எங்களோடு வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் அந்தப் படத்தைப் போட்டார்கள். நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"இந்தப் பீடையா?" என்றார் மாமியார். ஆனாலும் பார்த்தார். அந்தச் சாப்பாட்டு சீன் வந்தது. அவர் டி.வி.யைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"இத்தன வருஷம் ஆச்சு. இன்னும் அப்படியேதான் சாப்புடறாரு. நம்ம வீட்டுல யாரு புடுங்கப் போறா?" மகளிடம்தான் சொன்னார். என்னிடம் அவர் நேராகப் பேசுவதில்லை.

"அவரு தட்டு, அவரு கை. உனக்கு என்னம்மா?" என்றாள் என் மனைவி.

மாமியார் சேனலை மாற்றினார். நான் கையை எடுக்கவில்லை.