மஞ்சள் புள்ளி

பட்டறையில் அவரைப் புள்ளிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாகக் கார்களோடு மல்லுக்கட்டுகிற மெக்கானிக். ஒரு நட்டை ஸ்பேனரால் இறுக்கி முடித்ததும் அதன் மேல் மஞ்சள் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இருந்தால் நட் இறுகிவிட்டது என்று அர்த்தம். "மனுஷன் சாப்பிட மறந்தாலும் புள்ளி வைக்க மறக்க மாட்டாரு" என்று பெயிண்டர் கிண்டலடிப்பார்.

போன வாரம் அவர் பிரேக் வேலை பார்த்துக் கொடுத்த கார், சுவரில் மோதி நசுங்கி, கயிறு கட்டி இழுபட்டு வந்து சேர்ந்தது. ஓட்டிய பெண் இறந்துபோய்விட்டாள். கிட்டே போக அவருக்கு மனசு வரவில்லை. மூன்றாம் நாள் அவள் புருஷன் வந்து, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

"உங்க புள்ளி அப்படியே இருக்குண்ணே. உங்களச் சொல்லிக் குத்தமில்ல. மெதுவா ஓட்டுடின்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்! கேட்டாத்தானே, பாவி."

அவரும் குனிந்து எட்டிப் பார்த்தார். பிரேக் குழாயின் நட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தது. அன்றைக்கு அதைக் கையால் திருகிவிட்டு ஸ்பேனரைத் தேடும்போதுதான் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பேசிவிட்டுத் திரும்பியவரின் கை, பழக்க தோஷத்தில், பிரஷை எடுத்துப் புள்ளி வைத்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டால் போதும். ஒரு பயல் கேட்க மாட்டான். பழி செத்தவளோடு போய்விடும்.

"அவங்களத் திட்டாதீங்க தம்பி" என்றார். "அந்த நட்டைத் தொட்டுப் பாருங்க."

அவன் இரண்டு விரலால் தொட்டான். மஞ்சள் புள்ளி அவன் விரலோடு சேர்ந்து சுற்றியது.