காகத்துக்கு வைத்த இலை

2023 செப்டம்பர் 23, புரட்டாதி முதற்சனி. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, முற்றம் கூட்டி, கிணற்றில் குளித்துவிட்டுச் சுவாமி அறைக்குப் பூப் பறிக்கப் போனேன். தெரு மதிலோரச் செவ்வரத்தைச் செடியில் உயரத்தில் நின்ற ஒரு பூவுக்காகக் கிளையை வளைத்தேன். அது முறிந்துவிட்டது. உள்ளே கொண்டைக்குருவியின் கூடு. கண் திறவாத இரண்டு குஞ்சுகள். கிளையைப் பழையபடி நிமிர்த்தி வாழைநாரால் கட்டினேன். ஆனால் வெயில் ஏற அதன் இலைகள் வாடித் தொங்கின. மதிலிலிருந்து பார்த்தால் கூடு தெரிந்தது.

மனைவிக்குச் சனி விரதம். காகம் வாய் வைத்த பிறகே சாப்பிடுவாள். சமையல் முடிந்ததும் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறியை இலைத்துண்டில் வைத்து, வழக்கம்போல அதே தெரு மதில்மேல் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டாள். ஒன்று வந்தது. சோற்றைத் தொடாமல் செவ்வரத்தைக்குள் தலையைச் சாய்த்துப் பார்த்தது. நான் வீடு கூட்டும் தும்புத்தடியை ஓங்கினேன்.

"என்னப்பா செய்யிறியள்? சனீஸ்வரன்ரை வாகனத்துக்கே தும்புத்தடி காட்டுறியள்!"

"உது சோத்துக்கு வரேல்லை. உங்கை பாரும், குஞ்சுக்கு வந்திருக்குது."

கிட்ட வந்து பார்த்தாள். இலையை எடுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். அங்கே ஒரு காகமும் போகவில்லை. மதிலுக்கே திரும்பத் திரும்ப வந்தன, நான் கலைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணியாகியும் அவள் வெறும் தண்ணீரோடு இருந்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இண்டைக்கு உங்கடை காகத்துக்கும் விரதமோ? எல்லாம் எங்கடை முருங்கையிலை வந்து நிக்குது."

மனைவி நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப இலையை இஞ்சாலை தாரும்."

"என்ரை விரதச் சோத்தை உங்கடை வளவிலை வைக்கலாமோ அக்கா?"

"காகம் ஆற்றை காணியெண்டு உறுதி பாத்தே சாப்பிடுது?"

பசியிலும் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலை வேலியைத் தாண்டிப் போனது. சற்று நேரத்தில் அக்காவின் குரல் கேட்டது: "வாய் வைச்சிட்டுது! போய்ச் சாப்பிடும்!"

சாப்பிட்டு வந்தவள், அடுப்படிக்குப் பின்னால் கிடந்த, தென்னோலையில் பின்னிய கிடுகு ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். அதை மதிலுக்கும் செடிக்கும் இடையில் நட்டு நிறுத்திவிட்டு விலகி நின்றோம். தாய்க்குருவி நெடுநேரம் மின்கம்பியில் இருந்து யோசித்தது. இருட்டுவதற்கு முன் உள்ளே போனது.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகத் தூர நின்று பார்த்தேன். தாய் வந்து இறங்க, இரண்டு வாய்களும் திறந்தன. பூத்தட்டோடு பின்வளவு நந்தியாவட்டைக்குப் போனேன்.